பார்த்தவனுக்குப் பங்கு

அழிஞ்சு போறதுக்கும் ஒரு முறை இருக்குன்னு எங்க தலைவர் சொல்லுவாரு. கண்டபடி அழிஞ்சுறப்படாது. மனுப் போடணும், அட்டவணையில ஏறணும், சீமையிலேருந்து ரசீது வரணும், அதுக்குப் பொறவுதான் அழியணும். அப்படி முறையா அழிய வைக்கிறதுக்குன்னே புதுக்கோட்டையில ஒரு சபை இருந்துச்சு. பேரு ஆதி வழக்க ரட்சண சபை. நான் அதுல டவாலி போட்ட சேவகன், பேரு அழகுமலை. நான் சொல்றதுல பொய் இருந்தா என் டவாலியைப் பிடுங்கிக்கங்க. பித்தளை வில்லை ஏற்கெனவே வெளுத்துப் போச்சு, எனக்கு ஒண்ணும் நட்டமில்லை.

தலைவர் பேரு முத்துராமன். சமஸ்தானத்துல பெரிய உத்தியோகம் பார்த்து பென்சன் வாங்கினவரு. ராவ் சாகிப் பட்டம் இந்தா வருது அந்தா வருதுன்னு பத்து வருசமா தலைப்பாகைக்குக் கஞ்சி போட்டு வச்சிருந்தாரு. லண்டன்ல ஒரு சங்கமாம். ஒலகத்துல அழிஞ்சுக்கிட்டிருக்கிற சனங்களையெல்லாம் அட்டவணை போடுறதுதான் அதுக்கு வேலை. அதுக்கு நல்லதா ஒரு அழிவை அனுப்பி வச்சா பட்டம் நிச்சயம்னு யாரோ இவரு காதுல ஓதிட்டாங்க. அன்னையிலேருந்து மனுசன் அழிவைத் தேடி அலைஞ்சாரு.

டவுன் ஹால்ல அவரு பேசுனதை என் காதால கேட்டேன். "மகா ஜனங்களே, தென்சமுத்திரத்திலே ஒரு தீவு. அங்கே ஆதிக்குடிகளில் ஒருவர்கூட மிச்சமில்லை. ஆனால் அவர்களைப் பற்றி ஏழு புஸ்தகங்கள் இருக்கின்றன, ஏழும் தோல் அட்டை. அமெரிக்காவிலே ஒரு ஜாதி, அவர்கள் பாஷை பேச ஆளில்லை. இருந்தும் அதற்கு இலக்கணம் அச்சாகிவிட்டது. நம் சமஸ்தானத்திலே என்ன இருக்கிறது? எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். ஒரு புஸ்தகம் இல்லை. இது நமக்கு அவமானமல்லவா?" எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் தட்டுனேன், சம்பளம் வாங்குறவன்தானே.

அந்த அவமானத்தைத் தொடைக்க வந்து சேர்ந்தான் பிச்சை. 1936, மாசி மாசம். அரிமளத்துக்கு அங்கிட்டு நரிமேடுன்னு ஒரு குடியிருப்பு, வலைக்காரங்க ஊரு. வருசத்துக்கு ஒரு நாளு காட்டுல வலை கட்டி, புதரைத் தட்டிக் கலைச்சு, மொசல் பிடிப்பாங்க. அந்தக் கறியைப் பங்கு வைக்கிறதுதான் அவங்களுக்குச் சாமி, சட்டம், சொந்தபந்தம் எல்லாம். ரெண்டு வருசமா அந்தக் காட்டை சர்க்கார் மூடி வேலி போட்டிருச்சு, பெரிய மனுசங்க துப்பாக்கி வேட்டைக்குன்னு. பிச்சை பொண்டாட்டி செவந்திக்கு அப்ப ஆறு மாசம். ஒரே ஒரு நாளு காட்டைத் திறந்துவிடச் சொல்லிச் சபைதான் சிபாரிசு பண்ணணும்னு வந்து நின்னான்.

பொண்டாட்டி முழுகாம இருக்கிறதுக்கும் காட்டைத் திறக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்னு தலைவர் கேட்டாரு. அவன் வெவரமாச் சொன்னான். மொசல் வலையில விழுகுறப்ப யாரு கண்ணால பார்த்தாலும் அவங்களுக்குப் பங்கு. வழியில போறவன் பார்த்தாலும் பங்கு, நாய்க்கும் பங்கு. ஆனா மொதப் பங்கு வயித்துப் புள்ளைக்கு. ஆத்தாக்காரி வாய் வழியா அது சாப்பிடணும். சாப்பிட்டா அது வலைக்குச் சொந்தம். பொறந்ததும் அதுக்குன்னு ஒரு முழம் வலை முடிஞ்சு கொடுப்பாங்க. சாப்பிடாமப் பொறந்தா அது பங்கில்லாத புள்ளை. நாளைக்கு வலை தொட முடியாது, ஊர்க்கூட்டத்துல வாய் தொறக்க முடியாது, பெத்தவங்க வீட்டுலயே விருந்தாளியா வளரணும். "எனக்கு வேற ஒண்ணும் வேணாங்க. அது பொறக்குறதுக்குள்ள ஒரு மொசல், அவ்வளவுதான்"னான் பிச்சை.

தலைவர் கண்ணு கலங்கிருச்சு. சபைக்கு அப்படி ஒரு வழக்கம் அதுவரைக்கும் கிடைக்கலை. குமாஸ்தா குழந்தைசாமியைக் கூப்பிட்டு எழுதுடான்னாரு. மொத்தம் எத்தனை பேருன்னு கேட்டதுக்கு நூத்தி இருவத்தெட்டுன்னான் பிச்சை. அவ்வளவு சனம் உயிரோட இருந்தா அது என்ன அழிவுன்னு தலைவர் முகம் சுண்டிப்போச்சு. கிண்டிக் கிண்டிக் கேட்டதுல அதுல முப்பத்தொண்ணு நாயி, ஒண்ணு செவந்தி வயிறு, இன்னொண்ணு கீரமங்கலத்து வண்டிக்காரருன்னு தெரிஞ்சுச்சு. பங்கு வாங்குறதெல்லாம் ஆளுதானேங்கன்னு பிச்சை அப்பாவியாக் கேக்குறான்.

அந்த வண்டிக்காரரு யாருன்னா, ஆறு வருசத்துக்கு முன்னாடி அந்த வழியாப் புளி ஏத்திக்கிட்டுப் போனவரு. மொசல் விழுந்ததைப் பார்த்துட்டாரு, பங்கைக் கொடுத்தாங்க, தின்னுட்டாரு. அன்னையிலேருந்து ஊரே அவரை மச்சான்னுதான் கூப்பிடுது, அவரும் நல்லது கெட்டதுக்கு வந்து நிக்கிறாரு. பிரியமில்லாதவன் இதுலேருந்து விலக முடியுமான்னு தலைவர் கேட்டாரு. அப்படி யாரும் கேட்டதில்லை போல. தானே புதர் தட்டி, தானே ஒரு மொசலை வலையில விழுத்தாட்டி, தன் பங்கை ஒரு வயித்துப் புள்ளைக்குக் கொடுத்துட்டா விலகிக்கலாம்னான் பிச்சை. குழந்தைசாமி பதினேழு பக்கம் எழுதுனாரு. பக்கத்துக்குப் பக்கம் தலைவர் 'இது முற்றும் உண்மை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாரு. அந்தக் கையெழுத்தை ஞாபகம் வச்சுக்கங்க.

அப்புறம் வந்துச்சு வில்லங்கம். நடந்துக்கிட்டிருக்கிற வழக்கத்துக்குச் சபை சிபாரிசு பண்ணாது, அழியிற வழக்கத்துக்குத்தான் பண்ணும். சட்டம் அப்படி. "நீ வேட்டையாடினால் வழக்கம் அழியவில்லை என்றாகும். அழியவில்லையென்றால் அனுமதி கிடையாது. அனுமதி இல்லையென்றால் வேட்டை கிடையாது. அப்போது அழிந்துவிடும். அழிந்த பிறகு அனுமதி எதற்கு?" அப்படின்னாரு தலைவர். பிச்சை என்னைப் பார்த்தான். நான் மேலே ஆடுற பங்கா விசிறியைப் பார்த்தேன்.

கடைசியில தலைவரே ஒரு வழி கண்டுபிடிச்சாரு. இதைச் சரித்திரத்திலேயே கடைசி வேட்டைன்னு பதிஞ்சுக்கலாம். இனிமே எந்தக் காலத்துலயும் ஆடமாட்டோம்னு பிச்சை எழுதிக் கொடுத்துட்டா ஒரு நாளைக்குக் காடு திறக்கும். பிச்சைக்குச் சுருக்குன்னு இருந்திருக்கும், முகம் காட்டிருச்சு. ஆனா வயித்துல இருக்கிறதுக்கு இந்த வருசம் முக்கியம். கட்டைவிரலை நீட்டிட்டான்.

கட்டைவிரலை நீட்டுறது அவனுக்குப் புதுசும் இல்லை. நரிமேட்டு ஆம்பளைக அத்தனை பேரும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவுட்போஸ்ட் டேசனுக்குப் போயி ரிஜிஸ்தர்ல ரேகை வைக்கணும்னு ஒரு உத்தரவு. திருடலை, கொள்ளையடிக்கலை, சும்மா பொறந்துட்டாங்க, அதுக்குத்தான். ஒரு நாளு தவறினா ஆறு மாசம் உள்ளே. ரிஜிஸ்தர்ல நாப்பத்தியோரு பேரு இருந்தாங்க. அஞ்சு பேரு கொழும்புக்குக் கப்பலேறிட்டதுல முப்பத்தாறாப் போச்சு. அதைக் கேட்டு எங்க தலைவருக்குத் தாங்க முடியாத சந்தோசம். அவுட்போஸ்ட் ஏட்டு சிவசாமிக்குத் தாங்க முடியாத துக்கம்.

சபை நரிமேட்டுக்கு விசாரணைக்குப் போனப்ப ஏட்டு வந்து தலைவர்கிட்ட முறையிட்டாரு. "நீங்க கொறையுது கொறையுதுன்னு எழுதாதீங்கய்யா. ஆளு கொறைஞ்சா அவுட்போஸ்டை எடுத்துருவேன்னு மேலே மெரட்டுறாங்க. இவங்களைக் காவல் காக்கலைன்னா நான் எங்கிட்டுப் போவேன்? எனக்கு மூணு பொண்ணு." தலைவர் அவரைத் தட்டிக் கொடுத்து, விஞ்ஞானத்துக்காகத் தியாகம் பண்ணச் சொன்னாரு. ஒரு ஆபீசுக்கு இவங்க கொறையணும், இன்னொரு ஆபீசுக்குக் கூடணும். நடுவுல பிச்சை, இடிபடுற மத்தளம்.

அங்கே இன்னொரு கூத்து. ஊரு போதுமான அளவுக்கு ஆதியா இல்லைன்னு தலைவருக்குக் குறை. கொழும்புக் குடையை ஒளிச்சு வைக்கச் சொன்னாரு, அரிக்கேன் லைட்டை ஒளிச்சு வைக்கச் சொன்னாரு, புள்ளைக சட்டையைக் கழட்டச் சொன்னாரு. எல்லாரும் இடுப்புல தழை கட்டிக்கிட்டா போட்டோவுக்கு நல்லாயிருக்கும்னாரு. நாங்க தழை கட்டுனதே இல்லைங்களேன்னான் பிச்சை. "நீங்கள் மறந்திருக்கலாம். ஞாபகப்படுத்தத்தான் சபை இருக்கிறது" அப்படின்னுட்டாரு. பத்துப் பேரு ஆவாரந்தழையைக் கட்டிக்கிட்டு நின்னாங்க. வெள்ளாடு ரெண்டு பின்னாடியே சுத்துச்சு.

உத்தரவு வர சித்திரைக் கடைசி ஆயிருச்சு. செவந்திக்கு எட்டு மாசம் தாண்டிருச்சு. மனு வனத்துக்குப் போச்சு, வனத்துலேருந்து ரெவின்யூ, ரெவின்யூலேருந்து சுகாதாரம். மொசலுக்கு ஏதாவது வியாதி இருக்கான்னு சுகாதாரம் கேட்டுச்சு. பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா பிச்சை நடுராத்திரியே கிளம்பி இருபது மைல் நடந்து வந்து வாசல்ல நிப்பான், விளக்கு வைக்கிறதுக்குள்ள ரேகைக்குத் திரும்பணுமே. பைலு நகர்ந்துச்சான்னு கேக்கமாட்டான், என் முகத்தைத்தான் பார்ப்பான். எனக்கு அந்த முகத்தைப் பார்க்க வெக்கமா இருக்கும். "புள்ளை பைலுக்குக் காத்திருக்குமாண்ணே?"ன்னு ஒரே ஒரு நாளு கேட்டான்.

வேட்டைக்குப் போனோம். பார்த்தவனுக்குப் பங்குன்னு அறிக்கையில படிச்சதுனாலயோ என்னவோ, பைலு போன சர்க்கார் கச்சேரியிலேருந்தெல்லாம் அதிகாரிக வந்து எறங்கிட்டாங்க. வனம், ரெவின்யூ, சுகாதாரம், கல்வி, மராமத்து, எல்லாம் சேர்ந்து என்னோட முப்பத்திரண்டு பேரு. காட்டுக்குள்ள நாற்காலி போட்டு, வரிசை பிரிச்சு, சோடா உடைச்சு, பேண்டு வேற. அந்தச் சத்தத்துல காட்டுல இருந்த உசுரெல்லாம் அறந்தாங்கிப் பக்கம் ஓடிருச்சு. காது கேக்காத ஒரு கிழட்டு மொசல் மட்டும் அகப்பட்டுச்சு. அத்தனை பேரும் நாற்காலி மேல ஏறி நின்னு பார்த்தோம்.

பிச்சை எலை விரிச்சு, சுட்ட கறியை அறுத்து, மொதத் துண்டை எடுத்துச் செவந்தி பக்கம் திரும்பினான். தலைவர் கையைக் காட்டி நிறுத்துனாரு. "சற்றுப் பொறு. கண்ணால் கண்டவருக்கே பங்கு என்று மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. வயிற்றிலிருக்கும் சிசு கண்டதற்கு அத்தாட்சி உண்டா? இல்லை. வழக்கத்தை நாமே பிறழ விடலாமா?" மொதப் பங்கு யாருக்காவது போகணுமே, அதை அவரே வாங்கிக்கிட்டாரு. பிறகு அந்தஸ்துப்படி அதிகாரிகளுக்குப் போச்சு. புளியங்கொட்டை அளவு துண்டு, பயபக்தியோட தின்னாங்க. எனக்கு ஒரு காது. ஊர்க்காரங்க முறை வந்தப்ப எலையில ஈரம்தான் மிச்சம்.

பிச்சை கத்தி பிடிச்ச கையோட அப்படியே உக்காந்துட்டான். செவந்தி அழுகலை. ஒவ்வொரு வாயா எங்க எல்லாரையும் பார்த்தா. யாரு மென்னாங்க, யாரு முழுங்குனாங்கன்னு பார்த்தா. நானும் அந்தக் காதைத் தின்னேன். பொய் சொல்லப்படாது.

மூணாம் நாளு ஏட்டு சிவசாமி சபைக்கு வந்தாரு. கையில ரிஜிஸ்தரு, மைப்பெட்டி. முகத்துல அப்படி ஒரு தேசசு, மூணு பொண்ணுக்கும் ஒரே முகூர்த்தத்துல கல்யாணம் நிச்சயமான மாதிரி. தலைவருக்கு ஒரு சலாம் வச்சுட்டு, நீங்க நாளையிலேருந்து விளக்கு வைக்கிற நேரத்துக்கு டேசனுக்கு வந்துறணும்னாரு. தலைவர் சிரிச்சாரு. ஏட்டு சபை அறிக்கையைப் பிரிச்சு ஒன்பதாம் பக்கத்தைப் படிச்சாரு: 'பங்கு உண்டவர் எவராயினும் அன்று முதல் வலைக்குச் சொந்தமாவர். இது முற்றும் உண்மை.' கீழே கையெழுத்து. "வலைக்காரங்க அத்தனை ஆம்பளையும் ரேகை வைக்கணும்னு உத்தரவுங்கய்யா. மேலே கேட்டுட்டேன். சபை அறிக்கைக்கு மேல அத்தாட்சி வேணாம்னுட்டாங்க."

ஏட்டுக்கு அவ்வளவு மூளை கிடையாது, யாருய்யா சொல்லிக் கொடுத்ததுன்னு நான் தனியாக் கேட்டேன். செவந்தி தானாம். வயித்தைத் தாங்கிக்கிட்டு டேசனுக்கு நடந்து போயிருக்கா. "ஏட்டையா, எங்க ஆளு முப்பத்திரண்டு பேரு கூடியிருக்காங்க. அவங்க வரலைன்னா எங்களைத்தானே அடிப்பீங்க. அதான் முன்கூட்டியே சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்"னு பவ்வியமாச் சொன்னாளாம்.

வழக்கமே பொய்னு எழுதிக் கொடுத்துட்டா தலைவர் தப்பிச்சிருக்கலாம். எழுதக்கூடப் பேனாவை எடுத்துட்டாரு. அன்னைக்கு மத்தியானம், முன்னமே கப்பல்ல அனுப்பின அறிக்கைக்கு லண்டன்லேருந்து தந்தி வந்துருச்சு. 'அறிக்கை அபாரம். மிக உயர்ந்த தரத்து அழிவு. பட்டத்துக்குச் சிபாரிசு செய்கிறோம்.' பேனாவைக் கீழே வச்சுட்டாரு. தானே விரிச்ச வலை, தன் கால்லயே சுத்திக்கிச்சு.

அப்புறம் தினமும் மூணு மணிக்கே கச்சேரிகளைப் பூட்டிட்டு, ரெண்டு பஸ்ஸுல நரிமேட்டுக்குப் போவோம். டேசன் வாசல்ல அறுவத்தெட்டுப் பேரு வரிசை. வனத்துறை பெரியவரு குந்திக்கிட்டு உக்காரத் தெரியாம ரெண்டு தரம் விழுந்தாரு. தலை நிமிராம உக்காருன்னு ஏட்டு அதட்டுவாரு, எங்களுக்குன்னு தனிச் சட்டம் கிடையாதே. நரிமேட்டு ஆளுக மட்டும் மரியாதை கொடுப்பாங்க. பிச்சை தலைவரைப் பார்த்து, "மச்சான், நீங்க முன்னாடி போங்க, ஒங்களுக்குத் தூரம்"னு வழி விடுவான். அவன் கேலி பண்ணலை. பங்கு தின்னவரு மச்சான்தானே அவனுக்கு.

அஞ்சு நாளு தாங்குனாரு தலைவர். ஆறாம் நாளு குழந்தைசாமியைக் கூப்பிட்டுப் பதினாலாம் பக்கத்தைப் படிக்கச் சொன்னாரு. தானே புதர் தட்டணும், தானே மொசலை விழுத்தாட்டணும், பங்கை வயித்துப் புள்ளைக்குக் கொடுக்கணும். உடனே 'கடைசி வேட்டைக்குப் பிந்திய கடைசி வேட்டை'ன்னு ஒரு உத்தரவு தயாராச்சு. போன தடவை ரெண்டரை மாசம் சுத்துன பைலு, இந்தத் தடவை ஒரு மத்தியானத்துல எல்லாக் கச்சேரியும் சுத்தி வந்துருச்சு. மொசல் வியாதியைப் பத்திச் சுகாதாரம் ஒரு வார்த்தை கேக்கலை.

தலைவர் வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கிட்டு எறங்கினாரு. காரைமுள்ளுலயும் சூரைமுள்ளுலயும் விழுந்து எந்திரிச்சாரு. கஞ்சி போட்ட தலைப்பாகை ஒரு புதர்ல தங்கிருச்சு, எடுக்க நேரமில்லை. சாயங்காலம் ஆகுறப்ப ஒரு மொசல் கிளம்புச்சு. மனுசன் கத்திக்கிட்டே தொரத்தி, அதுவும் வலையில விழுந்துச்சு, அதும்மேல இவரும் விழுந்தாரு. ரெண்டையும் பிரிச்சு எடுக்கக் கொஞ்ச நேரமாச்சு. பங்கை எலையில வச்சு, ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டுச் செவந்தி முன்னாடி போயி நின்னாரு.

செவந்தி வாங்கலை. "புள்ளை பார்த்துச்சுன்னு அத்தாட்சி வேணாமாங்க?"ன்னு கேட்டா.

தலைவர் நெத்தியில ரத்தம் கசியுது, மூச்சு வாங்குது. "வேண்டாம்மா. சாப்பிடு" அப்படின்னாரு. பிரசங்கம் இல்லாம அவரு பேசி நான் கேட்டது அது ஒண்ணுதான். செவந்தி நிதானமா, ஒவ்வொரு வாயா மென்னு சாப்பிட்டா. பிச்சை மொகத்தைத் திருப்பிக்கிட்டான். ஆம்பளை அழுதா என்ன, அழுகட்டும்.

அன்னைக்கே தலைவர் பேரு ரிஜிஸ்தர்லேருந்து அடிபட்டுச்சு. மத்த அதிகாரிகளும் விலகணுமே, அதனால காடு திறந்தே கிடந்துச்சு. அவங்களுக்கு ஓட வராது, நரிமேட்டு ஆளுக கூட ஓடணும். விழுந்த மொசலை ஊரே பார்க்கும், ஊருக்கே பங்கு. கடைசிக்குப் பிந்திய கடைசி வேட்டை வாரத்துக்கு மூணு நடந்துச்சு. வனத்துறை பெரியவரு இன்னும் ஒண்ணும் பிடிக்கலை, அவரு பென்சன் வரைக்கும் காடு மூடாதுன்னு ஊருல பேசிக்கிட்டாங்க.

வைகாசிக் கடைசியில செவந்திக்குப் பிரசவம் ஆச்சு. மொத ஆளா ஏட்டு வந்து நின்னாரு, காதுல பென்சிலைச் செருகிக்கிட்டு. தலைவர் பேரு அடிபட்ட வரி காலியாக் கிடக்குது, அதுல புள்ளை பேரை இப்பவே லேசா எழுதி வச்சுக்கலாம், கட்டைவிரல் வளர்ந்ததும் மை தொட்டுக்கலாம்னு கணக்கு. என்ன புள்ளைன்னு கேட்டாரு. பொண்ணுன்னா செவந்தி. ஏட்டு ரிஜிஸ்தரை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாரு. பொம்பளைக்கு அதுல கட்டமே இல்லை. "வலை உண்டா அதுக்கு?"ன்னு சந்தேகமாக் கேட்டாரு. "பங்கு தின்னுருச்சுல்ல, வலை உண்டு. ஒங்க புஸ்தகத்துலதான் எடமில்லை"ன்னா செவந்தி.

அந்தச் சேதி தலைவர் காதுக்கும் போச்சு. மிக உயர்ந்த தரத்து அழிவுன்னு தந்தி வாங்கின எடத்துல புள்ளை பொறந்தா லண்டன்ல என்ன நினைப்பாங்க? பட்டம் வர இன்னும் நாலு மாசம். என்னைக் கூப்பிட்டு, நரிமேட்டுக்கு ஒரு நடை போயிட்டு வா, 'பிறப்பு ஏதும் காணப்படவில்லை'ன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுன்னாரு. சேவகன் எழுதுனா போதுமாம்.

போனேன். வேப்பங்கொத்து கட்டின வாசல்ல பிச்சை உக்காந்து ஒரு முழம் வலை முடிஞ்சுக்கிட்டிருந்தான். வா மச்சான்னான். நான் இன்னும் விலகலை, என் பேரு ரிஜிஸ்தர்லதான் இருக்குது. மொசலைத் தொரத்திக்கிட்டு ஓடுற வயசா எனக்கு? செவந்தி புள்ளையை என் கையில கொடுத்தா. இத்துனூண்டு கை, அது என் டவாலி வாரை இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு, விடவே மாட்டேங்குது. பிச்சை வலையைக் கொண்டாந்து அது மேல போர்த்துனான்.

திரும்பி வந்ததும் தலைவர் பேனாவையும் காகிதத்தையும் என் பக்கம் தள்ளுனாரு. நான் தொடலை. என்னடா, ஏதாவது பார்த்தியான்னு கேட்டாரு.

"பார்த்தேனுங்க"ன்னேன்.

அவரு என்னையே பார்த்தாரு. பார்த்தவனுக்குப் பங்குன்னு அவரே கையெழுத்துப் போட்டிருக்காரு, நான் என்னங்க பண்ண முடியும். மணி மூணாச்சு. ரேகை வைக்கப் போகணும்னு சொல்லிட்டு பஸ்ஸைப் பிடிக்க நடந்தேன்.